செம்பனைத் தோட்டத்தின் என்டிவிஐ ஏன் 0.42? பல பேண்டு படங்களில் நோடேட்டாவைக் கையாளும் விதம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு பெருநிலப் பக்கம், நிபோங் திபாலில் ஒரு செம்பனைத் தோட்டம். செண்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் நிலை 2ஏ (வளிமண்டலத் திருத்தம் செய்த) படத்திலிருந்து நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்ற நான்கு பேண்டுகளை, அதாவது ஒளிப் பட்டைகளை எடுத்து, ஒரே டிஃப் கோப்பாக அடுக்கி, தோட்ட எல்லைக்கு வெட்டி, பைதானில் என்டிவிஐ, அதாவது தாவரப் பசுமைக் குறியீடு, போட்டிருக்கிறார் ஒரு தம்பி. இறுதியாண்டு புராஜெக்ட். தோட்டத்தின் சராசரி 0.42 என்று வருகிறது. முழுப் படத்துக்கும் போட்டால் ஓரங்களில் 2, 2.3 என்றெல்லாம் வருகிறது. சில மதிப்புகளை மறைத்து வைக்கும் மாஸ்க்டு அர்ரே வைத்து முயன்றபோது, சேமித்த கோப்பில் 1-க்குப் பின்னால் இருபது பூஜ்யம் போட்ட எண் வந்து உட்கார்ந்திருக்கிறது. "நோடேட்டாவை (தரவு இல்லாத பிக்சலைக் குறிக்கும் மதிப்பை) -9999 என்று கொடுத்தும் மாறவில்லை. எந்த ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டும் அண்ணா?"

ஃபங்ஷனில் கோளாறு இல்லை தம்பி. இந்த மூன்று எண்களும் மூன்று வேறு இடங்களிலிருந்து வருகின்றன, ஆனால் வேர் ஒன்றுதான். எந்தப் பிக்சல் செல்லும், எது செல்லாது என்று உங்கள் நிரலில் நீங்கள் எங்கேயும் முடிவு செய்யவில்லை. கோப்பே அதை முடிவு செய்து வைத்திருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். கோப்புக்கு அது தெரியாது.

முதலில் 0.42. நன்றாக வளர்ந்து இலை மூடிய செம்பனைக்கு 0.7-க்கு மேல் வர வேண்டும், அது உங்களுக்கே தெரிந்ததால்தான் சந்தேகம் வந்திருக்கிறது. படக் கோப்புகளைப் படிக்கும் பைதான் தொகுப்பான ராஸ்டீரியோவில் எல்லைக்கு வெட்டும்போது கிடைப்பது தோட்டத்தின் வடிவம் அல்ல, தோட்டத்தைச் சுற்றிய ஒரு செவ்வகம். எல்லைக்கு வெளியே இருக்கும் பிக்சல்களில் கோப்பின் நோடேட்டா மதிப்பைப் போட்டு நிரப்பும், நோடேட்டா எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 0 போடும். செண்டினலின் ஜேபி2 கோப்புகளில் நோடேட்டா குறிப்பு இருப்பதில்லை. அவற்றிலிருந்து அடுக்கிய உங்கள் டிஃப்பிலும் இல்லை. ஆக, வெளியே எல்லாம் 0.

அடுத்து நீங்கள் எதிரொளிப்பாக (தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்காக) மாற்றினீர்கள்: 1000 கழித்து 10000-ஆல் வகுத்தல். 0 என்று இருந்த பிக்சல் இப்போது -0.1 ஆகிவிட்டது, சிவப்பிலும் அகச்சிவப்பிலும். என்டிவிஐ சூத்திரத்தில் (மேலே அகச்சிவப்பு கழித்தல் சிவப்பு, கீழே இரண்டின் கூட்டல்) போட்டால் மேலே -0.1 கழித்தல் -0.1, அதாவது 0. கீழே -0.2. விடை 0. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, நல்ல பிள்ளையாக ஒரு 0. வெறும் தரைக்கும் கட்டடத்துக்கும் வருகிற மதிப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கண்ணுக்கும் படாது. செவ்வகத்தில் 55 சதவீதம் தோட்டம், மீதி வெளி, தோட்டத்தின் உண்மையான சராசரி 0.76 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 0.418. உங்கள் 0.42 இப்படி வந்ததுதான். தேர்வுக்கே வராத மாணவனுக்கு 0 மதிப்பெண் போட்டு வகுப்புச் சராசரி எடுப்பது போன்ற கணக்கு இது.

அந்த 1000-ஐ, அதாவது ஆஃப்செட்டைக் கழிக்காமல் விட்டிருந்தால், 0/0 ஆகி, பைதானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பை எச்சரித்திருக்கும். சரியான முறையில் எதிரொளிப்பாக மாற்றியதால்தான் தவறு மறைந்துபோனது என்பது இதில் வேடிக்கை. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் கலெக்‌ஷன் 2 படங்களிலும் இதே கதைதான். அங்கே வெற்றிடத்துக்கு 0, பெருக்கும் எண் 0.0000275, கூட்டும் எண் -0.2. வெற்றிடம் எல்லாப் பேண்டிலும் -0.2 ஆகி, என்டிவிஐ மறுபடியும் 0.

-9999 கொடுத்தும் ஏன் மாறவில்லை? நோடேட்டா என்பது கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும் ஒரு குறிப்பு மட்டும்தான். ஜியோடிஃப்பில் 42113 என்ற எண் கொண்ட டேக்கில், எழுத்தாக எழுதி வைக்கப்படுகிறது. "இந்த மதிப்பைப் பார்த்தால் கணக்கில் சேர்க்காதே" என்று படிப்பவருக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அதை மாற்றினால் பிக்சல்கள் மாறாது. நீங்கள் எழுதிய என்டிவிஐ படத்தில் -9999 என்ற பிக்சல் ஒன்றுகூட இல்லை, வெற்றிடமெல்லாம் 0-ஆக இருக்கின்றன, குறிப்பு மட்டும் -9999-ஐத் தேடச் சொல்கிறது. மூலப் படம் போலவே குறியில்லாத 16 பிட் முழு எண்ணாக எழுதியிருந்தால், இந்த எண் அந்த வகையில் அடங்காது என்று ராஸ்டீரியோ அங்கேயே மறுத்திருக்கும். நீங்கள் தசம எண்ணாக எழுதியதால் ஒப்புக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜியோடிஃப் கோப்பு முழுவதற்கும் ஒரே நோடேட்டாதான். பேண்டு 1-க்கு 0, பேண்டு 2-க்கு -9999 என்று தனித்தனியாக வைக்க முடியாது. மற்ற கோப்புகளைச் சுட்டிக்காட்டும் விஆர்டி கோப்பில் முடியும். வேறு வேறு மூலங்களிலிருந்து பேண்டுகளை அடுக்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். செண்டினலின் 0, உயரப் படத்தின் -32768, ட்ரோன் மென்பொருள் போட்ட -10000 மூன்றையும் ஒரே டிஃப்பில் அடுக்கினால், ஏதாவது ஒன்றுக்குத்தான் குறிப்பு கிடைக்கும். மற்ற இரண்டும் உண்மையான எண்களாகக் கணக்கில் புகுந்துவிடும். அடுக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே மதிப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இனி அந்த 2. என்டிவிஐ என்பது -1-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்க முடியும், எதிரொளிப்புகள் எதிர்மறையாக இல்லாதவரை. 2 வந்தால் ஏதோ ஒரு பேண்டு எதிர்மறைக்குப் போயிருக்கிறது என்று பொருள். அகச்சிவப்பில் 0.3 இருக்கிறது, சிவப்பில் தரவு இல்லை, அது -0.1 ஆகிவிட்டது என்று வைத்துப் பாருங்கள். மேலே 0.4, கீழே 0.2, விடை 2. மறுபக்கம், சிவப்பில் 0.04 இருந்து அகச்சிவப்பு இல்லாமல் போனால் -0.14-ஐ -0.06-ஆல் வகுக்க வேண்டும், 2.33. நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் இவைதான்.

ஒரே பிக்சலில் ஒரு பேண்டு இருந்து இன்னொன்று எப்படி இல்லாமல் போகும்? செண்டினல்-2 கேமராவில் உணரிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பேண்டும் தரையைச் சற்று வேறு கணத்தில், சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. அதனால் செயற்கைக்கோள் கடந்துபோன பட்டையின் விளிம்பில் பேண்டுகளின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. படத்தைப் பெரிதாக்கி, கறுப்பு வெற்றிடம் தொடங்கும் சாய்ந்த ஓரத்தைப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாக ஒரு மெல்லிய கரை தெரியும். அந்தக் கரைதான் உங்கள் 2.

பல பேண்டு படங்களில் முக்கியமான பொறி இங்கே இருக்கிறது, பலருக்கும் தெரியாது. ராஸ்டீரியோவில் முழுக் கோப்புக்கும் ஒரே மாஸ்க் (எந்தப் பிக்சல் செல்லும், எது செல்லாது என்ற குறிப்புப் படம்) தருவதற்கு டேட்டாசெட் மாஸ்க் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது அதுதான் என்று தோன்றும். ஆனால் நோடேட்டாவை வைத்து அது மாஸ்க் தயாரிக்கும்போது, பேண்டு மாஸ்க்குகளை "அல்லது" போட்டு இணைக்கிறது. ஏதாவது ஒரு பேண்டில் தரவு இருந்தால் போதும், அந்தப் பிக்சல் செல்லும் என்று சொல்லிவிடும். படத்தைத் திரையில் காட்டுவதற்கு அது சரி. பேண்டுகளை ஒன்றோடொன்று வகுக்கும் கணக்குக்கு அது தப்பு. அங்கே "மற்றும்" வேண்டும், எல்லாப் பேண்டிலும் தரவு இருந்தால்தான் பிக்சல் செல்லும். ரீட் மாஸ்க்ஸ் ஃபங்ஷன் பேண்டுக்கு ஒன்றாக மாஸ்க்குகளைத் தரும். அவற்றை நம்பையின் ஆல் ஃபங்ஷனில் முதல் அச்சு வழியாகச் சேர்த்தால் ஒரே ஒரு மாஸ்க் கிடைக்கும். உங்கள் கோப்பில் நோடேட்டா குறிப்பே இல்லாததால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: படிக்கவும் எழுதவுமான முறையில் கோப்பைத் திறந்து நோடேட்டாவை 0 என்று குறித்துவிடுங்கள். அல்லது குறிப்பை மறந்துவிட்டு, படித்த அர்ரேயில் "0 அல்ல" என்று நீங்களே கேட்டு மாஸ்க் செய்யுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். என்ன விதி என்று நிரலைப் படிப்பவருக்குக் கண்ணெதிரே தெரியும்.

மாஸ்க்கைக் கையில் எடுக்கும்போது திசையைப் பாருங்கள். ராஸ்டீரியோவும் அதன் அடியில் இருக்கும் ஜிடாலும் 255 என்றால் செல்லும், 0 என்றால் செல்லாது என்கின்றன. நம்பையின் மாஸ்க்டு அர்ரேயில் ட்ரூ என்றால் மறைக்கப்பட்டது, அதாவது செல்லாது. நேர் எதிர். ஒன்றை இன்னொன்றில் அப்படியே கொடுத்தால் தோட்டம் மறைந்து வெற்றிடம் மட்டும் மிஞ்சும். அப்படி நடந்தால் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும், பரவாயில்லை. ஓட்டை அடைக்கும் ஃபில்நோடேட்டா ஃபங்ஷனில் திசை மாறினால்தான் ஆபத்து. அங்கே 0 உள்ள இடம்தான் நிரப்பப்படும். தலைகீழாகக் கொடுத்தால் நல்ல பிக்சல்களை எல்லாம் அழித்துவிட்டு வெற்றிடத்தின் மதிப்பிலிருந்து நிரப்பித் தரும், அதுவும் வழவழவென்று அழகாக.

மூன்றாவது எண், 1-க்குப் பின் இருபது பூஜ்யம். தசம எண் அர்ரேயை நிபந்தனை வைத்து மாஸ்க் செய்தால், அதன் நிரப்பு மதிப்பு இயல்பாகவே அந்தப் பெரிய எண்தான். சேமிப்பதற்கு முன் ஃபில்டு என்று மட்டும் எழுதி, அடைப்புக்குறிக்குள் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் அது போய் உட்கார்ந்துவிட்டது. எதை நிரப்ப வேண்டும் என்று எப்போதும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், கோப்பின் நோடேட்டா குறிப்பிலும் அதே எண்ணை எழுதுங்கள். இரண்டும் ஒரே மாறியிலிருந்து வர வேண்டும். இரண்டு இடத்தில் தனித்தனியாகத் தட்டச்சு செய்தால் என்றாவது ஒருநாள் பிரியும்.

மாஸ்க்டு அர்ரே நல்லதா, நேன் நல்லதா என்று கேட்பீர்கள். நேன் என்பது தசம எண்களில் மட்டும் இருக்கும் "எண் அல்ல" என்ற மதிப்பு. மாஸ்க்டு அர்ரே பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் நம்பையின் எல்லா ஃபங்ஷனும் அதை மதிப்பதில்லை. சராசரி எடுக்கும் மீன் மதிக்கும். இடைநிலை எடுக்கும் மீடியன் மதிக்காது, மறைத்த மதிப்புகளையும் சேர்த்தே கணக்கிடும், ஒரு வார்த்தை சொல்லாது. மா என்ற துணைத் தொகுப்பில் இருக்கும் மீடியனைத் தனியாக அழைக்க வேண்டும். பெர்சன்டைலும் அப்படித்தான் மாஸ்க்கைக் கண்டுகொள்ளாது. நேன் இதற்கு எதிரான குணம் கொண்டது. ஒன்று கலந்தாலும் கூட்டல், சராசரி எல்லாம் நேன் ஆகிவிடும். தொல்லைதான், ஆனால் சத்தம் போடும் தொல்லை. நேன்மீன், நேன்மீடியன் என்று பெயர் மாற்றி அழைத்தால் சரியாகிவிடும். எனவே கணக்கு நடக்கும்போது 32 பிட் தசம எண்ணும் நேனும், பக்கத்தில் ஒரு தனி மாஸ்க்கும் என்று வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். நேன் தனக்குத்தானே சமம் ஆகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். "சமமா" என்று கேட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, இஸ்நேன் கொண்டுதான் தேட வேண்டும்.

ஆக, வேலையின் வரிசை இப்படி அமையும். மூல முழு எண்களாகப் படித்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், நான்கு பேண்டிலும் 0 இல்லாத பிக்சல் எது என்று மாஸ்க் செய்துவிடுங்கள். அப்புறம் 32 பிட் தசம எண்ணாக மாற்றுங்கள். முழு எண்ணாகவே கழித்தால் 500 கழித்தல் 700 என்பது குறியில்லாத 16 பிட்டில் 65336 ஆகும், அது தனிக் கூத்து. அதன்பின் ஆஃப்செட்டைக் கழித்து வகுங்கள், செல்லாத பிக்சலில் நேன் போடுங்கள், என்டிவிஐ கணக்கிடுங்கள். எழுதும் கட்டத்தில் மட்டும் நேனை -9999-ஆக மாற்றி, நோடேட்டாவையும் -9999 என்று குறியுங்கள். நேனையே நோடேட்டாவாகக் குறித்தாலும் தவறில்லை, சில பழைய மென்பொருள்கள் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். எல்லைக்கு வெட்டும் ஃபங்ஷனில் ஃபில்டு என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்தால், 0 நிரப்பாமல் மாஸ்க்டு அர்ரேயாகவே தரும். அந்த மாஸ்க்கைத் திசை திருப்பி உங்கள் மாஸ்க்கோடு "மற்றும்" போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட் பற்றி ஒரு வார்த்தை. செண்டினல்-2 படங்களில் இந்த 1000 எப்போதும் இருந்ததில்லை. 2022 ஜனவரி 25 முதல், 04.00 என்ற செயலாக்கப் பதிப்பிலிருந்துதான் சேர்த்தார்கள். இருண்ட பரப்புகளில் வளிமண்டலத் திருத்தத்துக்குப் பின் எதிரொளிப்பு 0-க்குக் கீழே போனால், முன்பு அது வெட்டப்பட்டுவிடும். 1000 கூட்டி வைத்ததால் இப்போது அந்த எதிர்மறை மதிப்புகள் பிழைக்கின்றன, 0 வெற்றிடத்துக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது. பழைய படங்களையும் புதிய பதிப்பில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். படம் எடுத்த தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், கூட வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் என்ன ஆஃப்செட் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கூகுள் எர்த் எஞ்சினின் ஒத்திசைத்த தொகுப்பு போன்றவற்றில் இது ஏற்கனவே சரிசெய்யப்பட்டிருக்கும், மறுபடி கழித்தால் எல்லாம் 0.1 கீழே போய்விடும்.

இதில் பினாங்குக்காரர்கள் கவனிக்க வேண்டியது கடல். எதிரொளிப்பு எதிர்மறையாக வருவதைப் பார்த்து, அழகாக இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் 0-க்கு வெட்டிவிட்டு, நோடேட்டாவையும் 0 என்று குறிப்பவர்கள் உண்டு. ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே இருக்கும் நீரிணையில் அகச்சிவப்பு எதிரொளிப்பு 0-ஐ ஒட்டித்தான் இருக்கும். வெட்டியதும் அங்கங்கே 0 ஆகி, கடலில் பொத்தல் பொத்தலாகத் தரவு காணாமல் போகும். மலைச்சரிவின் நிழலிலும் இதே கதி. எதிர்மறை எதிரொளிப்பு என்பது சிறு அளவுப் பிழை, தரவு இல்லாத நிலை அல்ல. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டுங்கள், நோடேட்டாவை மட்டும் -9999-க்கு நகர்த்திவிடுங்கள்.

இதுவரை சொன்னது கோப்பே "இல்லை" என்று ஒத்துக்கொள்ளும் பிக்சல்கள். நம் ஊரில் அவை சிறுபான்மை. பெரிய தலைவலி மேகம். செண்டினல்-2 கடக்கும் நேரம் உள்ளூர்ச் சூரிய நேரத்தில் காலை 10.30. நம் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே முந்தி ஓடுவதால், பினாங்கில் அது பகல் 11.45 வாக்கில். கொடிமலை மேல் மேகம் கூட ஆரம்பிக்கும் பொழுது. மேகத்தில் எண் இருக்கிறது, நல்ல பெரிய எண். நோடேட்டா பார்க்கும் எந்த ஃபங்ஷனும் அதைப் பிடிக்காது. உங்கள் கணக்குக்கு அது இல்லாத தரவுதான், ஆனால் அதை நீங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

நிலை 2ஏ படத்தோடு எஸ்சிஎல் என்ற வகைப்பாட்டுப் பேண்டு ஒன்று வருகிறது. அதில் 0 வெற்றிடம், 1 பழுதான பிக்சல், 3 மேக நிழல், 8-உம் 9-உம் மேகம், 10 மெல்லிய உயர்மேகம். இந்த ஆறையும் செல்லாதவை என்று ஒதுக்கலாம். 4 தாவரம், 5 வெறும் தரை, 6 நீர், இவை இருக்கட்டும். 2 என்பது இருண்ட பகுதி, மலை நிழல். சமதளத் தோட்டத்துக்கு அதையும் ஒதுக்கலாம், மலைக்காட்டுக்கு ஒதுக்கினால் பாதிச் சரிவு போய்விடும், அங்கே யோசித்துச் செய்யுங்கள். இந்த வகைப்பாட்டை அப்படியே வேதவாக்காகவும் எடுக்கக் கூடாது. பெரிய வெள்ளைக் கூரைகளை மேகம் என்று சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் வேலை செய்பவர்கள் கண்ணாலும் பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்ப்பக்கம், மேகத்தின் மங்கலான ஓரத்தை விட்டுவிடும். சைபையின் படச் செயலாக்கப் பகுதியில் இருக்கும் பைனரி டைலேஷன் ஃபங்ஷனால் மேக மாஸ்க்கைச் சில பிக்சல்கள் அகலப்படுத்துங்கள். தோட்டத்தில் கொஞ்சம் நல்ல பிக்சல் போகும், போகட்டும்.

எஸ்சிஎல் 20 மீட்டர், உங்கள் பேண்டுகள் 10 மீட்டர். ஒன்று 5490-க்கு 5490, மற்றது 10980-க்கு 10980. ஒவ்வொரு பிக்சலையும் இரண்டுக்கு இரண்டாக விரித்தால் போதும், நம்பையின் ரிப்பீட் இரண்டு அச்சிலும் ஒருமுறை. மறுமாதிரி எடுக்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் "அருகிலுள்ளது" முறை மட்டும்தான். பக்கத்து மதிப்புகளைக் கலந்து எடுக்கும் பைலினியர் முறை போட்டால் தாவரம் 4-க்கும் மேகம் 8-க்கும் நடுவே 6 என்று வரும். 6 என்றால் நீர். செம்பனை நடுவே, மேகத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுவதாகப் படம் காட்டும்.

மற்றப் பேண்டுகளுக்குப் பைலினியர் போடலாம், ஆனால் நோடேட்டா என்னவென்று சொல்லிவிட்டுத்தான். சொல்லவில்லை என்றால் வெற்றிடத்தின் 0-உம் பக்கத்துப் பிக்சலின் 1300-உம் கலந்து 650 ஆகும். அது 0-உம் இல்லை, சரியான மதிப்பும் இல்லை, பின்னால் எந்த மாஸ்க்காலும் பிடிக்க முடியாது. படத்தை வேறு கட்டத்துக்கு மாற்றும் ரீபுராஜெக்ட் ஃபங்ஷனில் மூலத்தின் நோடேட்டா, இலக்கின் நோடேட்டா இரண்டையும் கொடுங்கள். ஜேபெக் முறையில் சுருக்கிச் சேமிப்பதிலும் இதே வகை ஆபத்து. அது தகவல் இழக்கும் சுருக்கம், ஓரத்தில் இருக்கும் 0-களை 1, 2, 3 என்று கலைத்துவிடும். அந்தக் கோப்புக்கு நோடேட்டா குறிப்பு உதவாது, தனி மாஸ்க்காகத்தான் சேமிக்க வேண்டும்.

சரி, மாஸ்க் செய்த பிறகு ஓட்டையை என்ன செய்வது? இங்கே என் கருத்து கொஞ்சம் கறாரானது. மேகத்தால் விழுந்த ஓட்டையை அக்கம்பக்கத்துப் பிக்சலை வைத்து நிரப்பாதீர்கள். ஃபில்நோடேட்டா, தூரம் கூடக்கூட எடை குறைத்து, சுற்றியுள்ள மதிப்புகளிலிருந்து நிரப்புகிறது. உயரப் படத்தில் ஒன்றிரண்டு பிக்சல் ஓட்டை, பழுதான உணரியின் ஒற்றைப் புள்ளி, இவற்றுக்கு அது அருமை. தேடும் தூரம் இயல்பாகவே 100 பிக்சல், அதை இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 40 பிக்சல் அகலமுள்ள மேகத்துக்கு அடியில் மறுநடவுக்காக வெட்டிய பிளாக் இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம். சுற்றியிருக்கும் மரங்களைக் காட்டி அங்கேயும் மரம்தான் என்று எழுதுவது அளவீடு ஆகாது. 2003 மே 31 அன்று லேண்ட்சாட் 7-இன் வரித் திருத்தக் கருவி பழுதானதிலிருந்து, அதன் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதப் பிக்சல்கள் வரிவரியாக இல்லாமல் போயின. அவற்றை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிய படங்கள் பார்வைக்கு நன்றாக இருக்கும், பரப்பளவு கணக்கிட நான் பயன்படுத்த மாட்டேன்.

நிரப்புவதற்கு நல்ல வழி காலம். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை வருகின்றன. இரண்டு மூன்று மாதப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாஸ்க் செய்து, எக்ஸ்அர்ரே என்ற பைதான் தொகுப்பில் நேர அச்சில் அடுக்கி, நேனைத் தவிர்த்து இடைநிலை எடுங்கள். இன்று மேகத்துக்கு அடியில் இருந்த பிக்சல் பத்து நாள் கழித்து வெளியே வந்திருக்கும், அதே பிக்சலின் உண்மையான மதிப்பு கிடைக்கும். அதன் துணைத் தொகுப்பான ரியோஎக்ஸ்அர்ரேயில் கோப்பைத் திறக்கும்போது மாஸ்க்டு என்பதை ட்ரூ என்று கொடுத்தால் நோடேட்டாவைத் தானே நேன் ஆக்கிவிடும், பழைய மதிப்பையும் நினைவில் வைத்திருக்கும். உங்கள் ஜேபி2-இல் குறிப்பு இல்லாததால் அங்கேயும் நீங்கள்தான் 0-ஐ நேன் ஆக்க வேண்டும். கூடவே, ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை நல்ல பார்வை கிடைத்தது என்று எண்ணி ஒரு கூடுதல் பேண்டாகச் சேமியுங்கள். சமதளத்தில் எட்டு ஒன்பது வந்து, மலையுச்சியில் ஒன்றோ பூஜ்யமோ வந்தால், அந்த உச்சியின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கும் தெரியும், மேற்பார்வையாளருக்கும் காட்டலாம். ஒரு பார்வைகூட இல்லாத பிக்சல் நேன் ஆகவே நிற்கட்டும்.

அடுத்த கட்டமாக வகைப்பாடு செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. செல்லும் பிக்சல்களை மட்டும் மாஸ்க்கால் பொறுக்கி, வரிசைக்கு ஒரு பிக்சல், நெடுவரிசைக்கு ஒரு பேண்டு என்று இயந்திரக் கற்றல் தொகுப்பான சைகிட்-லேர்னுக்குக் கொடுங்கள். விடையை, 255 நிரப்பிய 8 பிட் அர்ரேயில் அதே மாஸ்க் வழியாகத் திருப்பி வையுங்கள், நோடேட்டா 255. வகைகளை 1-லிருந்து எண்ணுங்கள்.

தோட்டத்தில் ட்ரோன் படமும் இருக்கிறது என்றீர்களே, நான்கு பேண்டு என்று. கலர்இன்டர்ப் என்ற பண்பை அச்சிட்டுப் பாருங்கள். நான்காவது பெரும்பாலும் அகச்சிவப்பு அல்ல, ஆல்ஃபா, அதாவது படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் மாஸ்க். அதை அகச்சிவப்பாக எடுத்து என்டிவிஐ போட்டு, தோட்டம் முழுக்க ஒரே பசுமை என்று அறிக்கை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

நினைவகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மடிக்கணினி நின்றுபோகிறது என்றதால். 10 மீட்டர் பேண்டு ஒன்றில் 12 கோடிக்கும் சற்று மேலான பிக்சல்கள். 16 பிட்டில் 241 எம்பி, 32 பிட் தசமத்தில் 482 எம்பி. நான்கு பேண்டும் சேர்ந்தால் 2 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. வகை சொல்லாமல் மாற்றினால் நம்பை 64 பிட்டுக்குப் போகும், அது இரட்டிப்பு. தோட்டம் மட்டும் வேண்டுமென்றால் முழுப் படத்தையும் ஏன் படிக்க வேண்டும்? விண்டோ கொடுத்து அந்தச் செவ்வகத்தை மட்டும் படியுங்கள். விண்டோ படத்துக்கு வெளியே நீளுமானால், வெளியே எதை நிரப்புவது என்பதையும் கூடவே சொல்லுங்கள், இல்லையென்றால் கதை மறுபடி முதல் பத்திக்கு வந்துவிடும். மேக மாஸ்க்கை அகலப்படுத்துவதாக இருந்தால் விண்டோவைச் சுற்றிலும் சில பிக்சல் கூடுதலாகப் படித்து, பிறகு நறுக்கிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் கோப்பை மறுபடி திறந்து மூன்று விஷயங்களை அச்சிடுங்கள்: செல்லும் பிக்சல்களின் எண்ணிக்கை, குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு. எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர், அதை 10000-ஆல் வகுத்தால் ஹெக்டேர். மேகமில்லாத நாளில் அது தோட்டத்தின் பதிவுப் பரப்போடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒன்றரை மடங்கு வந்தால் எல்லைக்கு வெளியே இருக்கும் செவ்வகம் இன்னும் உள்ளே இருக்கிறது. கூடிய மதிப்பு 1-ஐத் தாண்டினால் எந்தப் பிக்சலில் தாண்டுகிறது என்று நான்கு பேண்டின் மூல எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியும் 0.42 நகரவில்லை என்றால், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கோப்பின் ப்ரொஃபைலை (அளவு, எண் வகை, நோடேட்டா அடங்கிய குறிப்பை) அச்சிட்டு அனுப்புங்கள் தம்பி. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள்.